'வாசல் வரை' என்று சொல்லிக் காசு வாங்கினார்கள், பெட்டி மெயின் ரோட்டோடு நின்றது

இங்கிலாந்திலிருந்து கப்பலில் சாமான் அனுப்பப் போகிறவர்கள், அதுவும் பாரமான பழைய பொருள் எதையாவது அனுப்பப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

நான் இலங்கை மலையகத்தில், பண்டாரவளையில் இருக்கிறேன், ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர். போன வருடம் இங்கிலாந்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பழைய ராணுவச் சாமான் விற்கும் ஒரு சந்தையில் 19ஆம் இலக்க வயர்லஸ் செட் ஒன்றைப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய டாங்கிகளுக்குள் பொருத்திய ரேடியோ அது. நான் பார்த்தது கனடாவில் செய்தது. சோவியத் படைக்கும் அனுப்புவதற்காகச் செய்ததால் முன்பலகையில் ஆங்கிலமும் ரஷ்ய எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

1944இல், தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபோது என் தாத்தா அங்கே கூலி வேலைக்குப் போனவர். "பச்சைப் பெட்டிகிட்ட தொரை பேசுவாரு, பெட்டி திருப்பிப் பேசும்" என்று லயத்து வாசலில் உட்கார்ந்து அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். விட்டுவிட்டு வர மனம் வரவில்லை, வாங்கிவிட்டேன்.

செட்டோடு ஒரு பவர் பெட்டியும் உண்டு. பற்றரியிலிருந்து உயர் மின்னழுத்தம் எடுப்பதற்கு உள்ளே சுழலும் இயந்திரங்கள் இருப்பதால் அளவில் சிறிதென்றாலும் இரும்புக் கட்டி மாதிரி கனக்கும். எல்லாவற்றையும் பலகைப் பெட்டியில் அடைத்தபின் 52 கிலோ. பெட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 50 உயரம், அதாவது 0.27 கன மீட்டர்.

இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், ஏமாற்று அங்கேதான் தொடங்கியது. விமானத்தில் அனுப்பினால் நிறை, இடம் இரண்டில் எது கூடவோ அதற்குக் காசு. 6000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்தால் என் பெட்டி இடக் கணக்கில் 45 கிலோதான், ஆகவே கூடுதலான 52 கிலோவுக்கே காசு கட்ட வேண்டும். கப்பலில் பலருடைய சாமானைச் சேர்த்து ஏற்றும்போது ஒரு கன மீட்டரையும் ஆயிரம் கிலோவையும் சமமாக வைத்து, எது கூடவோ அதை எடுப்பார்கள். 52 கிலோ என்பது அந்தக் கணக்கில் 0.052 கன மீட்டருக்குத்தான் சமம். 0.27 கன மீட்டருக்கு விலை போட்ட பிறகு 'பாரம் கூட' என்று கேட்க இடமே இல்லை. ஆனால் கேட்டார்கள்.

ஏஜன்டைப் பிடித்தது மகன். தமிழர்தான், பெயர் சொல்லவில்லை. "அண்ணே, ஒண்ணும் யோசிக்காதீங்க, பண்டாரவளை வீட்டு வாசல்ல எறக்கித் தருவோம்" என்றார். 180 பவுண் கட்டினோம். இது ஒலிபரப்பும் கருவி, இலங்கைக்குக் கொண்டுவரத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், அதனால் பத்திரத்தில் 'பழைய வயர்லஸ் செட், வேலை செய்யாதது' என்று தெளிவாக எழுதுங்கள் என்று நானே சொன்னேன். அனுமதி வந்த பிறகு அனுப்பலாம் என்றும் சொன்னேன். "அதெல்லாம் எழுதினாத்தான் பிரச்சினை" என்று சிரித்தார். அவர் எழுதியது 'பாவித்த வீட்டுப் பாவனைப் பொருட்கள்'. அந்த வாரமே ஏற்றியும் விட்டார். நான் ஊருக்கு வந்து பிரதியைப் பார்த்தபோதுதான் இரண்டும் தெரிந்தது.

கொழும்பில் பெட்டியைத் திறந்தார்கள். வீட்டுச் சாமான் என்று எழுதிய பெட்டிக்குள் ராணுவப் பச்சையில் ஒரு ரேடியோ, அதில் ரஷ்ய எழுத்து, பெறுநர் பெயர் தமிழ்ப் பெயர். இந்த நாட்டில் இது மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என் வயதுக்காரனுக்கு வயிறு எப்படிக் கலங்கும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அன்று அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது கை நடுங்கியது. சுங்க அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அனுமதிக் கடிதத்தைக் கொண்டு வாருங்கள், பத்திரத்தில் பொருளின் பெயரைத் திருத்துங்கள் என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டுக்கும் ஆறு வாரம் போனது, ஆறு வாரமும் களஞ்சிய வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. நான்கு தடவை கொழும்புக்கு ரயிலில் போய் வந்தேன், ஒருவழிக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையாமல்.

அப்புறம் வந்தது பில். ஏஜன்டின் கொழும்புப் பங்காளி நீட்டிய தாளில் டெலிவரி ஓர்டர் (பெட்டியை விடுவிக்கும் கடிதம்) கட்டணம், கையாளும் கட்டணம், ஆவணக் கட்டணம், பாரக் கட்டணம், அதோடு வாடகை. மொத்தம் 94,000 ரூபா. வரி இதில் சேரவில்லை. டெலிவரி ஓர்டர் அவர்கள் கையில் இருக்கும்வரை பெட்டியை வெளியே எடுக்க முடியாது, அதனால் எவ்வளவு கேட்டாலும் நாம் கட்டுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். அனுப்பும் பக்கம் மலிவாகச் சொல்லி ஆளைப் பிடிப்பது, இறங்கும் பக்கம் விட்டதைச் சேர்த்து எடுப்பது, இதுதான் தொழில். அனுப்புவதற்கு முன்பே கொழும்புப் பக்கக் கட்டணம் ஒவ்வொன்றையும் எழுத்தில் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பாரக் கட்டணத்தைப் பற்றி மட்டும் நான் விடாமல் கேட்டு 11,000 ரூபாயைக் குறைத்தேன். மிச்சத்தைக் கட்டினேன்.

லொறி இரத்தினபுரி, பெரகலை வழியாக ஏறி வந்து எங்கள் தோட்டத்துச் சந்தியில் நின்றது. மழை. "மேலே போகாது" என்றார் சாரதி. வாசல் வரை என்றுதான் பேச்சு என்றேன். அவர் காட்டிய தாளில் 'பண்டாரவளை' என்று மட்டும் இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியை ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் படிப்பித்த பையன்கள் நான்கு பேர் வந்து, கயிறு கட்டி, மூங்கிலில் கோத்துத் தோளில் தூக்கி வந்தார்கள். "சேர், உள்ள ஏதோ கலகலன்னு சத்தம் கேக்குது" என்று பாதி வழியில் ஒருவன் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது.

ஆணியைப் பிடுங்கித் திறந்தோம். ரேடியோவும் பவர் பெட்டியும் ஒரே பெட்டிக்குள், நடுவில் கசங்கிய பத்திரிகைத்தாள் மட்டும். கடல் ஆட்டத்திலும் லொறிக் குலுக்கலிலும் அந்த இரும்புக் கட்டி நகர்ந்து நகர்ந்து முன்பலகையை இடித்திருக்கிறது. பெரிய ட்யூனிங் குமிழ் ஒன்று தண்டோடு வளைந்து கிடந்தது. உள்ளே 807 என்ற வால்வு, அதாவது ரேடியோவின் கண்ணாடிக் குழாய், நொறுங்கி, அடிப்பகுதி மட்டும் சொக்கட்டில் நின்றது. கண்ணாடித் தூளைத் தூரிகையால் கூட்டி எடுக்க ஒரு மாலை முழுதும் போனது. வால்வுகளைக் கழற்றித் தனியாகச் சுற்றியிருக்க வேண்டும், பவர் பெட்டியை வேறு பெட்டியில் போட்டு அடிப்பலகையோடு போல்ட் போட்டிருக்க வேண்டும். நானே செய்கிறேன் என்று கேட்டேன், "எங்க ஆக்களுக்குப் பழக்கம்" என்று விடவில்லை.

காப்புறுதிக்கு எழுதினோம். ஒரே வரியில் பதில் வந்தது: பத்திரத்தில் 'உரிமையாளரே பொதி செய்தது' என்று இருக்கிறது, உடைவுக்கு இழப்பீடு இல்லை. பொதி செய்தது அவர்களுடைய ஆட்கள். ஆனால் அந்த வரிக்குப் பக்கத்துச் சதுரக் கட்டத்தில் சரி அடையாளம் போட்ட தாளில் மகன் கையெழுத்து வைத்திருக்கிறான். அவசரத்தில் பார்க்கவில்லை, பாவம். நீங்கள் கையெழுத்து வைக்கும்போது அந்த ஒரு கட்டத்தைத் தேடிப் பாருங்கள். பெட்டியை மூடும் முன் உள்ளே இருப்பதைப் படமும் எடுத்து வையுங்கள். எங்களிடம் ஒரு படம்கூட இல்லை.

ஏஜன்டுக்கு மூன்று கடிதம் போட்டாகிவிட்டது. முதலாவதுக்கு "பார்க்கிறோம்" என்றார், அப்புறம் பதிலே இல்லை. மகன் அங்கே எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறான். செட் இப்போது என் மேசையில் இருக்கிறது. வளைந்த தண்டை ஹட்டனில் ஒரு லேத்காரர் நிமிர்த்தித் தந்தார், காசு வாங்கவில்லை. 807 வால்வு ஒன்றுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.