வெளியூரிலிருந்து டிஸ்கஸ் தொட்டி: போர்ட் ஃபார்வர்டிங்கோடு சில வருடங்கள்

எங்கள் சென்னை வீட்டு டிஸ்கஸ் மீன் தொட்டியை ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் ஓடும் ரீஃப்-பை கண்ட்ரோலர்தான் பார்த்துக்கொள்கிறது. பெயரில் ரீஃப் (பவளப்பாறை) இருந்தாலும் நன்னீர்த் தொட்டிக்கும் நன்றாகவே பொருந்துகிறது. (பவளத் தொட்டி ஏன் வைக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்த வம்பு வேண்டாம்.) ஹீட்டர், விளக்கு, கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரைத் திறந்து மூடும் சோலனாய்டு (மின்சார) வால்வு, கோடையில் தண்ணீர் மேல் வீசும் சின்ன ஃபேன் எல்லாம் அதன் ரிலேயில், அதாவது கண்ட்ரோலர் போட்டு அணைக்கும் சுவிட்சில். வெப்பநிலைக்கு ஒரு டிஎஸ்18பி20 சென்சார். வீட்டுக்குள் இருக்கும்வரை பிரவுசரில் அதன் முகவரியை அடித்தால் போதும். ஊருக்குப் போனால் அதையே எப்படிப் பார்ப்பது என்பதற்கு நான் கடந்த சில வருடங்களில் செய்து பார்த்தவை இவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர்ட் ஃபார்வர்டிங்கை இன்றும் பயன்படுத்துகிறேன், ஆனால் இப்போது அந்தப் போர்ட் கண்ட்ரோலருக்குப் போவதில்லை.

டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். மார்கழி விடியற்காலையில் ஹீட்டர் உழைக்கும். சித்திரை, வைகாசியில் அறைச் சூடே தண்ணீரை அதற்கு மேல் தள்ளிவிடும். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். அதே நேரத்தில் செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்ஸைடும் போய்க்கொண்டிருந்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போது வெளியூரில் இருப்பவருக்குத் தேவை இரண்டுதான். என்ன டிகிரி என்று தெரிய வேண்டும், கேஸை நிறுத்த முடிய வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வந்து நிற்கும் கூரியர் பையனைப் போலத்தான் வெளியிலிருந்து வரும் இணைப்பு. கேட்வரை அவனுக்குத் தெரியும், எந்த ஃபிளாட் என்று வாட்ச்மேன்தான் சொல்ல வேண்டும். வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ரௌட்டரின் ஒரே ஐபி முகவரி. போர்ட் என்பது அந்த முகவரியில் இருக்கும் எண்ணிட்ட ஒரு கதவு. 'இந்த எண்ணுள்ள போர்ட்டைக் கேட்டு யாராவது வந்தால் இந்தக் கருவிக்கு அனுப்பு' என்று ரௌட்டரிடம் எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

அமைப்பது கஷ்டமில்லை. முதலில் கண்ட்ரோலருக்கு எப்போதும் ஒரே உள்முகவரி கிடைக்கும்படி ரௌட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் (முகவரி ஒதுக்கீடு) போட்டேன். இதைப் போடாவிட்டால் கரண்ட் போய் வந்த ஒரு நாளில் கண்ட்ரோலருக்கு வேறு முகவரி போய்விடும், போர்ட் வேறெங்கோ திறந்து நிற்கும். அப்புறம் ஃபார்வர்டிங் பக்கத்தில் வெளிப் போர்ட் 8443, உள்ளே கண்ட்ரோலரின் முகவரி, உள் போர்ட் 443, இணைப்பு வகை டிசிபி. சில ரௌட்டர்களில் இந்தப் பக்கத்துக்கு 'வர்ச்சுவல் சர்வர்' என்று பெயர் இருக்கும், தேடாமல் விட்டுவிடாதீர்கள். சோதிக்கும்போது போனின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வீட்டின் வெளி ஐபியை அழைத்தால் பல ரௌட்டர்கள் அதைத் திருப்பி உள்ளே விடாது. எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்று தோன்றும்.

நம் ஊரில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இது எதுவும் இல்லை. ரௌட்டரில் எவ்வளவு சரியாக எழுதினாலும் பயனில்லாமல் போகலாம், ஏனென்றால் அந்த 'வெளி' ஐபி உங்களுடையதே இல்லாமல் இருக்கலாம். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. பிறகு வளர்ந்த இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். கண்டுபிடிப்பது சுலபம்: ரௌட்டரின் வேன் (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் இருக்கும் ஐபியையும், 'என் ஐபி என்ன' என்று இணையத்தில் தேடினால் காட்டும் ஐபியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரௌட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் அநேகமாக அதே கதைதான்.

என் முதல் இணைப்பு அப்படித்தான் இருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், "போர்ட் எல்லாம் ஓப்பன்தான் சார், ரௌட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை. கடைசியில் லைன் பார்க்க வந்த தம்பிதான் விஷயத்தை உடைத்தார். "ஸ்டாட்டிக் ஐபி வாங்குனாதான் சார் இதெல்லாம் நடக்கும். ஆபீஸ்ல நேரா கேளுங்க, போன்ல சொல்ல மாட்டாங்க." கேட்டேன். மாறாத அந்த ஐபியை வருடச் சந்தாவோடு தனித் தொகை கட்டி வாங்கினேன். பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறியபோது அங்கே மாறும் ஐபிதான் என்றாலும் பொது ஐபியாகவே கிடைத்தது. அதற்கு டிடிஎன்எஸ் போதும், அதாவது ஐபி மாறினாலும் ஒரே பெயரால் வீட்டைக் கண்டுபிடிக்க உதவும் சேவை. டக்டிஎன்எஸ்ஸில் இலவசமாக ஒரு பெயர் எடுத்து, ஐபியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதற்குச் சொல்லும் சின்ன ஸ்கிரிப்டை ராஸ்பெரி பையில் போட்டுவிட்டேன். இன்றுவரை தொல்லையில்லை. இலவச டிடிஎன்எஸ்களில் சில மாதாமாதம் 'இன்னும் வேண்டுமா' என்று கேட்டு உறுதி செய்யச் சொல்லும். மறந்தால் பெயர் போய்விடும், பார்த்து எடுங்கள்.

இன்னொரு முடிச்சும் உண்டு. ஃபைபர் கொண்டுவருபவர்கள் மாட்டும் பெட்டியே ஒரு ரௌட்டர். அதன் பின்னால் நம் சொந்த ரௌட்டரை வைத்தால் இரண்டு வாசல், இரண்டிலும் எழுத வேண்டும். பெட்டியை பிரிட்ஜ் மோடில் (வெறும் பாலமாக) போடச் சொல்லி, இணைப்பை டயல் செய்யும் வேலையை நம் ரௌட்டருக்கே கொடுத்துவிடுவது நல்லது.

சரி, போர்ட் திறந்தாயிற்று, வேலையும் செய்தது. கண்ட்ரோலருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்திருந்ததால் யார் யார் கதவைத் தட்டுகிறார்கள் என்பது பதிவில் தெரிந்தது. முதல் நாளே கூட்டம். ஒருவர் வலைத்தளங்களை நடத்தும் வேர்ட்பிரஸின் லாகின் பக்கத்தைக் கேட்கிறார், இன்னொருவர் தரவுத்தளத்தை நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின் இருக்கிறதா என்று பார்க்கிறார், மூன்றாமவர் ஏதோ ஒரு மாடல் ரௌட்டரின் பழைய ஓட்டையைத் தேடுகிறார். மீன்தொட்டியிடம் வேர்ட்பிரஸ் கேட்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இவர்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை, எல்லோரையும் தேடுகிறார்கள். 2013-ல் வந்த இசட்மேப் கருவி, நல்ல இணைப்பிருந்தால் ஒரு போர்ட்டுக்காக ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அதனால் 443-க்குப் பதிலாக 8443 வைத்தால் யாருக்கும் தெரியாது என்பது வெறும் ஆறுதல்.

மீன்தொட்டியை யார் ஹேக் செய்வார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. டார்க்ட்ரேஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2017-ல் சொன்னது. வட அமெரிக்காவில் ஒரு கேசினோவில் வெப்பநிலையையும் தீனியையும் சுத்தத்தையும் கவனிக்க மீன்தொட்டியை இணையத்தில் இணைத்திருந்தார்கள். அந்த வழியாக உள்ளே நுழைந்தவர்கள் 10 ஜிபி தரவை ஃபின்லாந்தில் இருந்த ஒரு கருவிக்குக் கடத்தியிருந்தார்கள். அவர்கள் தேடி வந்தது மீனை இல்லை, தொட்டி இருந்த நெட்வொர்க்கை. 2016-ல் மிராய் என்ற தீநிரல் பரவியதும் கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள் வழியாகத்தான். ரீஃப்-பையும் முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே யூசர்நேம், பாஸ்வேர்டோடுதான் வருகிறது. மாற்றாமல் போர்ட்டைத் திறந்தால் ஹீட்டர் சுவிட்சைத் தெருவில் தொங்கவிட்டதாகும். கடையில் கிடைக்கும் அபெக்ஸ் என்ற மீன்தொட்டிக் கண்ட்ரோலரின் பழைய மாடலை வைத்திருந்தவர்களும் ஒருகாலத்தில் இப்படித்தான் ரௌட்டரில் போர்ட் திறந்து பார்த்தார்கள். நிறுவனத்தின் சர்வர் வழியாகப் பார்க்கும் க்ளவுட் சேவை வந்தபின் அந்தத் தேவை போனது.

எனக்கு க்ளவுட் வேண்டாம். நிறுவனம் சேவையை மூடினால் கருவி பொம்மையாகிவிடும். ஆகவே வயர்கார்டுக்கு மாறினேன். அது வீட்டுக்கு வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பூட்டிய பாதை போடும் விபிஎன் மென்பொருள். கண்ட்ரோலருக்குத் திறந்திருந்த போர்ட்டை மூடிவிட்டு, யுடிபி வகையில் 51820 என்ற போர்ட்டை மட்டும் ரௌட்டர் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பழைய ராஸ்பெரி பைக்குத் திருப்பினேன். அது விபிஎன் வாசல். சரியான சாவி இல்லாமல் வருபவருக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது. தட்டுபவருக்கு அங்கே எதுவும் இருப்பதாகத் தெரியாது. போனில் ஆப்பைத் திறந்து ஆன் செய்தால் வீட்டுக்குள் இருப்பதுபோல அதே பழைய முகவரி வேலை செய்கிறது. மாறிய நாளிலிருந்து தட்டுபவர்களின் பதிவு என்று பார்க்க ஒன்றுமில்லை. இதைத் தனி ராஸ்பெரி பையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கண்ட்ரோலர் உறைந்துபோனால் அதன் பிளக்கை வெளியூரிலிருந்தே அணைத்துப் போட முடிய வேண்டும், அதற்குள்ளேயே வாசலும் இருந்தால் முடியாது.

ஒரு சின்ன முன்னேற்பாடு மறக்கக் கூடாதது: வீட்டு நெட்வொர்க்கை 192.168.1 வரிசையிலிருந்து வேறு எண்ணுக்கு மாற்றுங்கள். லாட்ஜ் வைஃபையும் அதே வரிசையில் இருந்தால், நீங்கள் கேட்கும் முகவரியை போன் அந்த லாட்ஜுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். என் வீடு இப்போது 192.168.77-ல் இருக்கிறது.

சிஜிநாட்டுக்குள் இருப்பவர்கள் பணம் கட்ட விருப்பமில்லை என்றால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவையைப் போட்டுப் பாருங்கள். உள்ளேயும் வயர்கார்ட்தான், இரு பக்கமும் வெளியே நோக்கி அழைப்பதால் போர்ட் எதுவும் திறக்க வேண்டாம். திருநெல்வேலியில் இருக்கும் மச்சான் வீட்டுத் தொட்டிக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன், அரை மணி நேர வேலை. இணைப்பை ஏற்படுத்தித் தர இன்னொருவருடைய சர்வர் வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு இடிக்கிறது. ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி கிடைக்கும் வீடுகளில் ஃபார்வர்டிங்கே தேவையில்லை, ஃபயர்வாலில் அந்த ஒரு கருவிக்கு மட்டும் வழிவிட்டால் போதும். ஆனால் நீங்கள் இருக்கும் பக்கத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும். மொபைல் நெட்டில் பெரும்பாலும் இருக்கிறது, லாட்ஜ் வைஃபையில் எதிர்பார்க்க முடியாது.

இத்தனையும் செய்தபின் மிச்சமிருக்கும் தலைவலி கரண்ட். ரௌட்டருக்கும் இரண்டு ராஸ்பெரி பைக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டிருக்கிறேன், தொட்டியின் காற்று மோட்டார் இன்வெர்ட்டரில். இருந்தும் தெருமுனையில் இருக்கும் நெட் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் வீடே இருட்டில் இருப்பதுபோல் தோன்றும். வெளியூரிலிருந்து பார்ப்பவருக்கு நெட் போனதா, கரண்ட் போனதா, கண்ட்ரோலர் செத்ததா என்று தெரியாது. அதனால் கண்ட்ரோலரே சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே 'இருக்கிறேன்' என்று ஒரு சேவைக்குச் சொல்லும், சொல்ல நிறுத்தினால் எனக்கு மெயில் வரும். வெப்பநிலை எல்லை தாண்டினாலும் ரீஃப்-பை மெயில் அனுப்பும். உண்மையில் நான் விபிஎன்னைத் திறந்து பார்ப்பதே இப்படி ஏதாவது வந்தால்தான். முதல் சில மாதங்கள் பஸ்ஸில் உட்கார்ந்து கிராஃபைப் பார்த்துக்கொண்டே வந்த ஆர்வம் தானாக அடங்கிவிட்டது.

இது கைகொடுத்தது ஒரு மே மாதக் கல்யாணத்தில். பந்தியில் இருக்கும்போது மெயில், தண்ணீர் 31-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஃபேன் ஓடவில்லை போலிருக்கிறது. கேஸையும் விளக்கையும் அணைத்தேன், காற்று மோட்டாரை ஓடவிட்டேன், அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஃபேன் சுத்தல டா, நான் டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கிறேன்," என்றார். "அதை விடு, தண்ணி ஏன் இப்படிக் கலங்கிக் கிடக்கு? அது உன் மெஷின்ல தெரியலையா?" தெரியாதுதான். கலங்கலுக்கு என்னிடம் சென்சார் இல்லை. பிறகு தொட்டிக்கு எதிரே ஒரு கேமரா வைத்தேன், அதுவும் விபிஎன்னுக்குள்தான்.

தூரத்திலிருந்து அணைப்பேன், ஆனால் ஹீட்டரைப் போட மாட்டேன். ரிலே ஒட்டிக்கொண்டு ஹீட்டர் நிற்காமல் ஓடுவது அபூர்வமில்லை, அப்போது நெட்டை நம்பி என்ன செய்வது? ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை கண்ட்ரோலரின் எல்லைக்கு ஒரு டிகிரி மேலே வைத்திருக்கிறேன். கண்ட்ரோலர், ரௌட்டர், நான் எல்லோரும் தூங்கினாலும் அது நிறுத்தும். கேஸும் அப்படியே: சோலனாய்டுக்கு முன்னால் சாதாரண டைமர் ஒன்று, கொளத்தூர்க் கடையில் வாங்கியது. இரவில் என்ன நடந்தாலும் திறக்காது.

இப்போதைய நிலவரத்துக்குச் செலவு என்று பார்த்தால் பழைய ராஸ்பெரி பை, மினி யுபிஎஸ், ஒரு கேமரா. மெமரி கார்டு கரண்ட் அடியில் ஒருமுறை கெட்டதால் கண்ட்ரோலரை எஸ்எஸ்டியில் ஓட்டுகிறேன். ரௌட்டரின் ஃபர்ம்வேர் அப்டேட் ஒருமுறை ஃபார்வர்டிங் விதியை அழித்துவிட்டது, அதனால் அப்டேட் ஆனால் ஊருக்குக் கிளம்பும் முன் மொபைல் டேட்டாவில் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். புதிதாக இணைப்பு எடுப்பவர்கள் வேகத்தை விசாரிக்கும் முன் பொது ஐபி கொடுப்பார்களா என்று கேளுங்கள், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.