கோராய் விபாசனா: பத்து நாள் வகுப்பு எப்படி?

நோய், கடன், வேலை போனது என்று அடிமேல் அடி விழும் நேரத்தில் மனசைப் பக்குவப்படுத்த, மும்பையில் கோராய் பகோடா (பெரிய புத்த ஸ்தூபி) வளாகத்து விபாசனா மையத்தைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். மூச்சையும் உடலில் எழும் உணர்வுகளையும் உள்ளபடி கவனிக்கும் தியான முறைதான் விபாசனா. கட்டணம் இல்லை, முன்பு பயின்றவர்களின் நன்கொடையில்தான் எல்லாம் நடக்கிறது.

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். தினமும் சுமார் 10 மணி நேரம் தியானம், பேச்சே கூடாது. முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது மட்டும். நான்காம் நாளுக்குப் பிறகுதான் உண்மையான பாடம்: கை கால் அசைக்காமல், கண் திறக்காமல் ஒரு மணி நேரம், தினம் மூன்று முறை. முழங்கால் தீயாய் எரியும். விரட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் வலி ஏறுவதும் இறங்குவதும் தெரியும். அந்த நிதானம்தான் வீட்டுக் கஷ்டத்திலும் கைகொடுக்கிறது. பல்லைக் கடித்துத் தாங்குபவர்களுக்குக் கழுத்தும் தோளும் இறுகி, மறுநாள் உட்காரவே முடியாது. குஷனை உயர்த்தி, முழங்கால் தரையில் படும்படி உட்காருங்கள். முடியாதவர்கள் நாற்காலி கேட்கலாம்.

இரவுச் சாப்பாடு கிடையாது. புதியவர்களுக்கு மாலை 5 மணிக்குப் பழமும் டீயும். சர்க்கரை நோயாளிகள் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இது வேண்டாம், மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இந்த முறையைப் பரப்பிய ஆசிரியர் எஸ்.என். கோயங்காவின் உரைகள் தமிழிலும் உண்டு. தமிழ் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தாராவி, சயான் பக்கத்தவர்கள் தாதரில் ரயில் மாறி போரிவலி, பிறகு கோராய் படகு. பெட்டி கனமாக இருந்தால் பாயந்தர் வழியாகச் சாலையில் வருவது சுலபம்.