செருப்புக்குப் பதில் ஒரு மெட்டு

அமெரிக்காவின் சான் ஹொசேயிலிருந்து வந்த மகள் இந்த முறை பெட்டிக்குள்ளிருந்து பாதாமோடு ஒரு டிவிடியையும் எடுத்து நீட்டினாள். "அம்மா, பன்னிரண்டு வயதுப் பெண் எழுதிய ஆப்பரா. எங்கள் ஊரில்தான் போட்டார்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்" என்றாள். ஆப்பரா என்றால் கதை முழுவதையும் பாட்டாகவே நடத்தும் மேற்கத்திய இசை நாடகம். எங்கள் டிவிடி பிளேயர் பழைய சாமான்காரரிடம் போய் நான்கு வருடம் ஆகிறது. எதிர் வீட்டிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமை பாட்டு வகுப்பு முடிந்ததும் ஏழு பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துப் போட்டேன்.

அந்தப் பெண் ஆல்மா டாய்ச்சர், 2005இல் இங்கிலாந்தில் பிறந்தவள். 'சிண்ட்ரெல்லா'வை எட்டு வயதில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். 2016 டிசம்பரில் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் முழு வடிவில் அரங்கேறியது. அதற்கு ஆதரவாளராக நின்றவர் நம் மும்பைக்காரர், மேற்கத்திய இசைக்குழுக்களை நடத்தும் சுபின் மேத்தா. மறு வருடம் டிசம்பரில் சான் ஹொசேயின் கலிபோர்னியா தியேட்டரில் ஆங்கிலத்தில் நடந்ததைத்தான் சோனி கிளாசிக்கல் டிவிடியாக வெளியிட்டிருக்கிறது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தச் சிண்ட்ரெல்லா பாத்திரம் தேய்ப்பவள் மட்டுமல்ல, மெட்டுப் போடுபவள். சித்தி ஒரு ஆப்பரா அரங்கை நடத்துகிறாள். அக்காக்கள் இருவருக்கும் தாங்களே பெரிய பாடகிகள் என்ற நினைப்பு. இளவரசனோ கவிதை எழுதுகிறவன். அவன் எழுதிய கவிதை சிண்ட்ரெல்லாவின் கையில் கிடைக்கிறது. எழுதியது யார் என்று தெரியாமலே அதற்கு மெட்டமைக்கிறாள். பாட்டுக்கு மெட்டா, மெட்டுக்குப் பாட்டா என்று நம் சினிமாக்காரர்கள் காலங்காலமாக அடித்துக்கொள்கிறார்களே, அந்த வழக்கையே காதல் கதையாக்கிவிட்டாள் இந்தச் சிறுமி!

கடைசியில் இளவரசன் அவளைத் தேடுவது கண்ணாடிச் செருப்பைக் கொண்டு அல்ல. மெட்டின் தொடக்கத்தைப் பாடிக் காட்டுகிறான்; மீதியைச் சரியாகப் பாடுகிறவள்தான் அவன் தேடும் பெண். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தச் செருப்பின் மேல் சந்தேகம் உண்டு. ஊரில் அதே அளவுக் கால் இன்னொருத்திக்கு இருக்காதா? 1817இல் இத்தாலிய இசையமைப்பாளர் ரோஸ்ஸினி இதே கதையை ஆப்பராவாக்கியபோது செருப்பை எடுத்துவிட்டுக் கைவளையைப் போட்டார். வளையும் அப்படித்தானே, யார் கையிலும் ஏறும். மெட்டு அப்படி ஏறாது.

எனக்கு மிகவும் பிடித்தது அக்காக்களின் திருட்டுதான். தங்கையின் மெட்டைச் சுட்டுக்கொண்டு போய் விருந்தில், பாட்டுப் போட்டியில், பொருந்தாத வார்த்தைகளைப் போட்டுப் பாடுகிறார்கள். சுரம் பிசகவில்லை, குரலும் நல்ல குரல். ஆனால் சொல் உட்காரவில்லை. ராகம் நீளும் இடத்தில் ஒன்றுமில்லாத ஒரு வார்த்தை வந்து நிற்கிறது. பதம் பிரிக்கத் தெரியாமல் கீர்த்தனை பாடினால் என்ன ஆகும் என்று நான் முப்பது வருடமாகத் தொண்டை வறளச் சொல்லிவருகிறேன். இந்த ஒரு காட்சி அதைச் சொல்லிவிட்டது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் புரியாமலே சிரிப்பு வந்தது.

குறை இல்லாமலா? முதல் பாதி நீளம். அக்காக்கள் சண்டை போட்டுச் சிரிக்கவைத்த பிறகும் சண்டையை விடுவதாக இல்லை. எழுந்துபோய் ஒரு காபி போட்டு எடுத்து வந்தேன், ஒன்றையும் தவறவிடவில்லை. சித்தியாக வரும் மேரி டன்லீவி அருமையாகப் பாடுகிறார். ஆனால் சித்தியின் கொடுமையில் காரம் போதாது. எல்லாருக்கும் இனிப்பான இசையே வாய்த்திருக்கிறது. ஆல்மாவுக்கு மொசார்ட் காலத்து இனிமைதான் வேண்டும், இக்கால மேற்கத்திய இசையின் உரசல் வேண்டாம். பழைய பாணி என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. பழையது என்பதில் எனக்கு வழக்கு இல்லை, நானே பழைய பாணிக்காரிதான். முக்கிய மெட்டு திரும்பத் திரும்ப வருவதில்தான் எனக்குக் குறை. நம்மிடம் ஒரு வரி ஐந்து முறை வந்தால் ஐந்து சங்கதியாக, ஒவ்வொரு முறையும் புது விதமாக வளரும். இங்கே வாத்தியங்கள் மாறுகின்றன, வரி வளர்வதில்லை.

சிண்ட்ரெல்லாவாக வெனெஸ்ஸா பெசேரா. மெல்லிய இடங்களில் மூச்சை அடக்கிப் பாடுவதைப் பெரிய பிள்ளைகள் கவனிக்கட்டும் என்று இரண்டு முறை நிறுத்திக் காட்டினேன். நடுவில் ஆல்மாவே வயலினும் பியானோவும் வாசிக்கிறாள். "இவள்தானா எல்லாவற்றையும் எழுதினாள்?" என்று ஏழு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். கயிற்றில் ஸ்கிப்பிங் ஆடும்போது அவளுக்கு மெட்டுத் தோன்றுமாம் என்றேன். அது தப்பாகப் போயிற்று. அடுத்த வகுப்பிலிருந்து கயிறோடு வருகிறார்கள்.

டிவிடி ஓடும் கருவி வீட்டில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். பிள்ளைகளோடு என்றால் இடைவேளையில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள்.

அடுத்த சனிக்கிழமை இளவரசனின் சோதனையை நானும் செய்து பார்த்தேன். மெட்டின் முதல் அடியை மட்டும் பாடிவிட்டு நிறுத்தினேன். பெரியவர்கள் முழித்தார்கள். ஒன்பது வயதுக்காரி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு மீதியைப் பாடினாள். முடிவு மட்டும் டிவிடியில் உள்ளதல்ல. "அது அங்கே போக வேண்டாம் டீச்சர், இப்படி இறங்கினால்தான் நன்றாக இருக்கிறது" என்றாள். இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.