கம்பெனி சர்வீஸா வெளி மெக்கானிக்கா: ரெண்டு பக்கமும் அலைஞ்சவனோட ரிவ்யூ

வாரண்டி முடியற வரைக்கும் என் கார கம்பெனி சர்வீஸ் சென்டர் தவிர வேற எங்கயும் விட்டதில்ல. ஜாப் கார்டு, வாஷ் பண்ணி பளபளன்னு டெலிவரி, வெயிட்டிங் ரூம்ல ஏசி, எல்லாம் சரி தான். ஆனா ஒவ்வொரு தடவையும் எஸ்டிமேட்ல இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன்னு ஒரு லிஸ்ட் வரும், வீட்டுக்கு வந்து வண்டியோட மேனுவல எடுத்து பாத்தா மெயின்டனன்ஸ் அட்டவணைல அதுல ஒண்ணு கூட இருக்காது.

அப்புறம் தான் அந்த சத்தம் ஆரம்பிச்சுது. ஸ்பீட் பிரேக்கர்ல ஒரு பக்க வீல் ஏறினா முன்னாடி டக் டக்னு கேக்கும். கம்பெனி சர்வீஸ் அட்வைசர் வண்டிய ஓட்டி கூட பாக்கல, உள்ள போயிட்டு வந்து "சார், முன்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் போயிருச்சு, மாத்தணும்"னுட்டாரு. யாரு பாத்தாங்க, அவர்கிட்ட பேசலாமான்னு கேட்டேன், உள்ள அலவ்டு இல்லயாம். சரி யோசிச்சு சொல்றேன்னு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

ஃப்ரெண்ட் சொல்லி ஒரு வெளி மெக்கானிக்கிட்ட போனேன். அவரு முதல்ல என்னையே ஓட்ட சொல்லி பக்கத்து சீட்ல உக்காந்துட்டாரு, ரேடியோவ ஆஃப் பண்ணுங்க தம்பின்னாரு, மேடு பள்ளமா பாத்து ரெண்டு ரவுண்டு போனோம். திரும்பி வந்து முன் வீல் ரெண்டையும் ஒண்ணா தூக்கினாரு. எதுக்குண்ணே ரெண்டும், ஒரு பக்கம் தான சத்தம்னேன். ஒரு பக்கம் மட்டும் தூக்கினா ஸ்டெபிலைசர் பார் (ரெண்டு பக்க சஸ்பென்ஷனையும் இணைக்கற கம்பி) முறுக்கிக்கும், அத சஸ்பென்ஷனோட மாட்டற லிங்க் ராட் டைட்டா இருக்கற மாதிரி ஏமாத்தும், ரெண்டும் ஒரே லெவல்ல இருந்தா தான் லூஸ் தெரியும்னாரு. என் கைய பிடிச்சு அந்த ராட் மேல வச்சு ஆட்ட சொன்னாரு. ஆடுது! ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் எல்லாம் காஞ்சு கிடந்துச்சு. லிங்க் ராட் ரெண்டு மட்டும் மாத்தினோம், சத்தம் போச்சு, ஷாக் அப்சார்பர் இன்னிக்கு வரைக்கும் அதே தான்.

இதோட கம்பெனிக்கு கும்பிடுன்னு முடிவு பண்ணிட்டேன், அங்க தான் நானும் தப்பு பண்ணேன். ஆட்டோமேட்டிக் கியர் ஸ்லோ ஸ்பீட்ல உதற ஆரம்பிச்சப்ப இவருகிட்டயே விட்டேன், ஸ்கேனர் போட்டாரு, எரர் கோடு எதுவும் வரல, கியர் ஆயில் மாத்தினாரு, ஒரு வாரம் நல்லாருந்த மாதிரி ஒரு பிரமை, திரும்ப அதே உதறல். "தம்பி, இது சாஃப்ட்வேர் மேட்டரா இருக்கும், கம்பெனில காட்டுங்க"ன்னு அவரே சொல்லிட்டாரு (இத சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்). அங்க லேப்டாப்ப மாட்டி கியர்பாக்ஸுக்கு புது சாஃப்ட்வேர் ஏத்தினாங்க, அவ்ளோ தான், வெண்ணெய் மாதிரி ஓடுது. அந்த அப்டேட் எல்லாம் அவங்க சிஸ்டத்துல தான் இருக்கு, வெளில எவ்ளோ திறமைசாலியா இருந்தாலும் அது பெரும்பாலும் கைக்கு வராது. அப்படியே சேஸிஸ் நம்பர் அடிச்சு பாத்து ஒரு ரீகால் வேலையும் (தயாரிப்புல இருந்த குறைய கம்பெனியே கூப்பிட்டு சரி பண்றது) ஃப்ரீயா முடிச்சு குடுத்தாங்க.

வெளி மெக்கானிக்கிட்ட இன்னொரு குறை, தேதி எல்லாம் அவரு ஞாபகம் வச்சுக்க மாட்டாரு. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும்னு என் மேனுவல்ல இருக்கு, நானா கேக்கற வரைக்கும் பேச்சே இல்ல. அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், டாட் 4ங்கற பிரேக் ஆயில் கிரேடு புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா 155லயே கொதிக்கலாம், அப்படி கொதிச்சா நீளமான இறக்கத்துல பெடல் மிதிச்சா உள்ள போயிட்டே இருக்கும். இப்ப நானே ஒரு நோட்டு போட்டு கிலோமீட்டர் தேதியோட எழுதி வச்சுக்கறேன். ஆயில் கூட மேனுவல்ல இருக்கற கிரேடு பாத்து சீல் கேனா நானே வாங்கிட்டு போயிடுவேன், பேரல்ல இருந்து ஊத்தறது எனக்கு ஒத்துவராது. கழட்டின பார்ட்டையும் கேட்டு வாங்கிடுவேன்.

இப்போதைக்கு பிரேக், சஸ்பென்ஷன், ஆயில் சர்வீஸ் எல்லாம் அந்த மெக்கானிக் அண்ணன்கிட்ட. ஏர்பேக், சாஃப்ட்வேர், ரீகால் மட்டும் கம்பெனி. அடுத்து டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகள சரியான நேரத்துல இயக்கற பெல்ட்) மாத்தற வேலை வருது, அதுவும் அண்ணன்கிட்ட தான், என் இன்ஜின்ல வாட்டர் பம்ப்பும் அந்த பெல்ட்ல தான் ஓடுது, கழட்டற கையோட அதையும் மாத்திடுங்கண்ணேன்னு இப்பவே சொல்லி வச்சுட்டேன்.