இடைக்காட்டூரா ஓரியூரா? ஒரு நாள் லீவுக்கு எது சரி

லீவுக்கு மதுரை வர்ற சொந்தக்காரங்க மீனாட்சி கோயில், மஹால் எல்லாம் முடிச்சுட்டு "பக்கத்துல பழைய சர்ச் ஏதும் இருக்கா"ன்னு கேட்டா எங்க வீட்ல உடனே ரெண்டு கட்சி ஆயிரும், சித்தப்பா இடைக்காட்டூரும்பார், அத்தை ஓரியூரும்பாங்க. ரெண்டுக்கும் நான் பல தடவை போயிருக்கேன், அதனால சொல்றேன்.

இடைக்காட்டூர் கிட்டக்க. ராமேஸ்வரம் ரோட்ல திருப்புவனம் தாண்டி முத்தனேந்தல்ல திரும்பணும், மொத்தமே 35 கிலோமீட்டர் சுமாருதான். பிரான்ஸ்ல இருந்து வந்த பெர்டினாண்ட் செல்ங்கிற சாமியார் 1894-ல கட்டி முடிச்ச திரு இருதய ஆண்டவர் கோயில், அவங்க நாட்டு ரெய்ம்ஸ் பேராலயத்த மாதிரியா வச்சு கட்டுனது. அங்க போய் தூணு கிட்ட நின்னு பாருங்க, வளைவு, பூ வேலை, மேல கூம்பா போற விளிம்புன்னு எல்லாமே கல்லுல செதுக்குனதுன்னு நினைச்சு கைய வச்சா செங்கல், ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு போட்டு சுட்டு எடுத்திருக்காங்க, சுத்தி வயக்காடும் கருவேலமுமா இருக்குற ஊர்ல இத எப்படி செஞ்சாங்கன்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் மலைப்பா இருக்கும்.

ஓரியூர் அப்படி இல்ல. தொண்டி ரோட்ல சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானைன்னு 100 கிலோமீட்டருக்கு மேல போகணும், கட்டடம் பாக்கணும்னு போனா இடைக்காட்டூர் அளவுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அங்க கோயிலவிட மண்ணுதான் பெருசு. லிஸ்பன்ல பெரிய வீட்டுப் பிள்ளையா பொறந்த அருளானந்தர்ங்கிற ஜான் டி பிரிட்டோ சாமியார், காவி கட்டி கறி மீன் விட்டு நம்ம சனங்களோட சனமா ராமநாதபுரம் பக்கத்து மறவர் சீமையில வாழ்ந்தவர், 1686-ல பிடிச்சு சித்திரவதை பண்ணி விரட்டியும் யூரோப் போய்ட்டு திரும்ப இங்கயே வந்தார். அந்தச் சீமை இளவரசர் தடியத்தேவர் இவர்கிட்ட ஞானஸ்நானம் வாங்கி மூத்த மனைவிய மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்கள அனுப்புனதுல ஒருத்தங்க ராஜா சேதுபதி வீட்டுப் பொண்ணு, அதுல வந்த கோவம்தான் கடைசியில 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்னிக்கு ஓரியூர்ல அவர் தலை போக காரணம். முந்தின நாள் சிறையில கரியத் தண்ணியில குழைச்சு கடிதம் எழுதியிருக்கார். அந்த ரத்தம் விழுந்துதான் மண்ணு செவந்துச்சுன்னு சனங்க நம்புறாங்க, எல்லா சாதி மதத்துக்காரங்களும் வர்றாங்க, மொட்டை போடுறாங்க, கிடா வெட்டுறாங்க, பிள்ளை வரம் கேட்டு தென்னங்கன்னு கொண்டு வர்றாங்க.

எங்க அத்தை அங்க குனிஞ்சு ஒரு கைப்பிடி செம்மண் எடுத்து முந்தானையில முடிஞ்சு, வீடு வர்ற வரைக்கும் அந்த முடிச்ச கையில பிடிச்சபடியே வந்தாங்க. மாமாவுக்கு ஆபரேஷன் அன்னிக்கு அதத்தான் நெத்தியில பூசி அனுப்புனாங்க.

டவுனுக்குள்ள கீழவெளி வீதி மரியன்னை பேராலயம் இருக்கு, ரெட்டைக் கோபுரம் அழகுதான், சாயங்காலம் அரை மணி நேரத்துல பாத்துரலாம், அதுக்குன்னு ஒரு நாள ஒதுக்க வேணாம்.

ஆக வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க இருந்தா கண்டிப்பா இடைக்காட்டூர், போற வழியிலயே கீழடி மியூசியமும் இருக்கு, மதியத்துக்குள்ள ரெண்டும் முடிஞ்சு வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துரலாம். முழு நாள் கையில இருந்தா என் ஓட்டு ஓரியூருக்குத்தான். ஒரே நாள்ல ரெண்டையும் அடிச்சுரலாம்னு மட்டும் கிளம்பாதீங்க, நாங்க ஒருக்கா அப்படிப் போயி ஓரியூர் சேரும்போது இருட்டிருச்சு, மண்ணு நெறமே தெரியல.