ஹோம்ஸ்டே நடத்துபவர்களே, மார்க்கெட்டிங் பிளான் என்று யாராவது வந்தால் கவனம்

ஹப்புத்தளை, எல்ல, பண்டாரவளைப் பக்கம் வீட்டில் இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். சோஷல் மீடியா மார்க்கெட்டிங் பிளான் போட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு கொழும்பு நிறுவனத்திடம் என் அக்கா ஒன்றரை இலட்சம் ரூபாவை இழந்திருக்கிறார். மூன்று மாதக் கட்டணம் 90,000, விளம்பரத்துக்கென்று 60,000, எல்லாமே முற்பணம். "அக்கா, நீங்க ஒன்றும் யோசிக்காதீங்க, சீசனுக்கு ரூம் நிரம்பிடும்" என்றுதான் வாங்கினார்கள்.

அக்காவிடம் வருபவர்கள் பெரும்பாலும் பதுளை ரயிலில் வந்து இறங்கி, விடியுமுன் லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனைக்குக் கிளம்பும் வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள், அறையை எங்கே தேடுகிறார்கள், எந்த மாதத்தில் பயணத்தை முடிவு செய்கிறார்கள் என்பதையெல்லாம் விசாரித்த பிறகுதான் பிளானே எழுத முடியும். அக்காவிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வந்த பிடிஎப்பில் ஆபீஸ் ஊழியர்களுக்கு மதியச் சாப்பாட்டுச் சலுகை என்று இருந்தது. வேறொரு கடையின் பெயரைக்கூட ஓரிடத்தில் அழிக்காமல் விட்டிருந்தார்கள்.

முதல் மாதத்திலேயே அவர்கள் திறந்த பேஸ்புக் பேஜுக்கு 9,000 பேர் சேர்ந்தார்கள். ஆனால் அறை கேட்டு ஒருவரும் வரவில்லை. பேஜின் புள்ளிவிவரம் காட்டும் இன்சைட்ஸில் நாடுவாரியாகப் பார்த்தால், முக்கால்வாசிப் பேர் நம் பக்கம் எட்டிப் பார்க்கவே வாய்ப்பில்லாத ஊர்க்காரர்கள், படமில்லாத கணக்குகள். காசுக்கு வாங்கிய ஆட்கள். இதனால் கெடுதலும் உண்டு. இவர்கள் எந்தப் பதிவையும் கண்டுகொள்ள மாட்டார்கள். யாரும் கண்டுகொள்ளாத பதிவை பேஸ்புக்கும் மற்றவர்களுக்குக் காட்டுவதைக் குறைத்துவிடும்.

சரி, அந்த 60,000 ரூபா விளம்பரம்? ரசீது கேட்டால் ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார்கள். பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகம் என்ற இணையப் பக்கத்தில் ஒரு பேஜின் பெயரைப் போட்டால், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். விளம்பரம் ஓடுகிறது என்று அவர்கள் சொன்ன நாட்களிலெல்லாம் தேடினோம். ஒன்றுமே இல்லை.

எல்லாவற்றையும்விட வயிறு எரிவது இதற்குத்தான். பேஜை அவர்களுடைய பிசினஸ் கணக்கில் திறந்து, அக்காவுக்குப் பதிவு போடும் அனுமதியை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்றும் அதில் இருப்பது அக்காவின் வீட்டுப் படங்கள்தான், ஆனால் வரும் செய்திகள் அவர்களுக்குப் போகின்றன. பேஜைத் தர இன்னும் 40,000 கேட்கிறார்கள். இது பச்சைக் கொள்ளை.

ஆகவே பேஜை உங்கள் கணக்கிலேயே திறந்து, முழுக் கட்டுப்பாட்டையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்பவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரில், உங்கள் கார்டில் இருந்தால் செலவு நேராக உங்களுக்கே தெரியும். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைப் பதிவது இலவசம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

நுகர்வோர் அதிகார சபையில் முறைப்பாடு செய்ய 1977, கணக்கு பறிபோனால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டுக்கு (CERT) 101. நாங்கள் இரண்டு இடத்திலும் சொல்லியிருக்கிறோம். இதே போல ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் செய்திகளையும் வங்கிச் சீட்டையும் அழிக்காமல் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.