வாடகையை வாங்க மாட்டேன் என்று ஓனர் சொன்னால் உஷாராகுங்கள்

மடிப்பாக்கத்தில் மூன்று வருடம் குடியிருந்த வீட்டை ஜூன் கடைசியில் காலி செய்தோம். தெருப்பெயரும் ஓனர் பெயரும் எழுதப்போவதில்லை. அவரிடம் சண்டை போட இதை எழுதவில்லை. எங்களிடம் அவர் செய்த ஒரு காரியம், வாடகை வீட்டில் இருக்கிற யாருக்கும் நடக்கலாம். அது நடக்கும்போது நமக்குச் சாதகமான விஷயம் போலவே தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான்கு போர்ஷன் வீடு. கீழே ஓனர் குடும்பம், மாடியில் நாங்கள். வாடகை 14,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், கரண்டுக்கு சப் மீட்டர் வைத்து யூனிட் 9 ரூபாய். (அரசு அப்போது தந்த 100 யூனிட் இலவசம் எங்கள் பங்குக்கு வந்ததே இல்லை. அது தனிக் கதை, விடுங்கள்.) முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. தீபாவளிக்கு அதிரசம் மேலே வரும், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கீழே போகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் எப்படி மூழ்கியது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். தெருவில் முழங்கால் அளவுக்கு நின்றது சாக்கடை கலந்த தண்ணீர். அது தரையோடு தரையாக இருக்கும் சம்புக்குள்ளும், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும், இறங்கிவிட்டது. வெள்ளம் வடிந்ததும் மோட்டார் போட்டார்கள், தண்ணீர் வந்தது, லேசாக ஒரு வாடை. "மழைக்கு அப்படித்தான்மா இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் ஓனர். இரண்டு வாரம் ஆகியும் சரியாகவில்லை. சம்பைக் கழுவச் சொல்லி வாட்ஸ்அப்பில் மூன்று முறை கேட்டேன். மூன்றுக்கும் நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. ஆளை வைத்துக் கழுவ ஆகும் செலவில் பாதியை நாங்கள் தருகிறோம் என்றும் கேட்டுப் பார்த்தோம்.

ஜனவரி கடைசியில் சின்னவனுக்கு மஞ்சள் காமாலை. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "குடிக்கிற தண்ணி எது?" என்பதுதான். குடிக்க கேன் தண்ணீர்தான் வாங்கினோம். ஆனால் பல் தேய்ப்பதும், பாத்திரம் கழுவுவதும், காய் அலசுவதும் சம்பு தண்ணீரில்தானே. அன்று ராத்திரி 1913க்கு போன் செய்து மாநகராட்சியில் புகார் பதிவு செய்தேன். இரண்டு நாளில் ஆட்கள் வந்தார்கள், சம்பு மூடியைத் திறந்தார்கள். அடியில் கறுப்பாகச் சேறு. சுத்தம் செய்து பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாளே சம்பு பளபளவென்று ஆனது. அன்று சாயங்காலம் ஓனர் மேலே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என் வீட்டுக்கே ஆபீசரைக் கூட்டிட்டு வர்றீங்களா? ஒரு மாசம் டைம், காலி பண்ணிக்கோங்க."

பெரியவளுக்குப் பத்தாம் வகுப்பு. மார்ச் 26இல் பொதுத் தேர்வு தொடங்குகிறது. "பரீட்சை முடியற வரைக்குமாவது பொறுங்க சார்" என்று கணவர் கெஞ்சாத குறை. "பையனுக்குக் கல்யாணம் பேசியிருக்கோம், வீடு வேணும்" என்று புதிதாக ஒரு காரணம் வந்தது. அந்தப் பையன் கனடாவில் இருக்கிறான்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. காலையில் அரை மணி நேரம் மட்டும் மோட்டார். பைக் நிறுத்தும் இடத்தில் அவருடைய பழைய கட்டில். மாடிப்படி லைட் ஃபியூஸ் போனது, மாற்ற ஆளில்லை. நாங்கள் வீட்டில் இல்லாதபோது மாற்றுச் சாவியில் திறந்து யாரோ இரண்டு பேருக்கு வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது ஹாலில் செருப்புத் தடம் இருந்தது. "ஸ்டேஷன்ல எனக்கு ஆள் இருக்கு, சாமானை வெளியில வைக்க எவ்வளவு நேரம் ஆகும்" என்று கீழே நின்று எங்களுக்குக் கேட்கிற மாதிரி போனில் பேசுவார். இதெல்லாம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இவற்றில் எதுவும் எங்களை மாட்டவைத்திருக்காது.

மாட்டவைக்கப் பார்த்தது மார்ச் 5ஆம் தேதி நடந்தது. எப்போதும் போல ஜிபேயில் வாடகையை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அந்த 14,000 அப்படியே திரும்பி வந்தது. கீழே போய்க் கேட்டால் ஓனரின் மனைவி சிரித்துக்கொண்டே, "அவர் வேணாம்னுட்டார்மா. அதான் காலி பண்ணப் போறீங்களே, அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம்" என்றார். ஏப்ரலிலும் அதேதான். பணத்தை எடுத்துக்கொண்டு கையில் கொடுக்கப் போனோம், வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு, டியூஷன் ஃபீஸ் எல்லாம் இருந்த நேரம். சரி, மனசு இளகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. "இரண்டு மாத வாடகை பாக்கி. பலமுறை கேட்டும் தரவில்லை. உடனே கட்டிவிட்டு வீட்டை ஒப்படைக்கவும்."

அன்றுதான் எனக்கு விஷயம் உறைத்தது. தமிழ்நாட்டில் இப்போது வாடகைக்கு இருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அப்போது எடுத்துவிட்டார்கள். புகார் கொடுத்த கோபத்தில் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று புதுச் சட்டத்தில் தனியாக ஒரு வரி எழுதி வைக்கவில்லை. ஆனால் எந்தெந்தக் காரணத்துக்குக் காலி செய்யக் கேட்கலாம் என்று 21ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்றைக் காட்டித்தான் வாடகை நீதிமன்றத்துக்குப் போக முடியும். மாநகராட்சிக்கு போன் செய்தது அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு மாத வாடகை பாக்கி என்பது அதில் இருக்கிறது. இல்லாத காரணத்தை உண்டாக்கத்தான் என் பணத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

15100க்கு போன் செய்தேன். இலவச சட்ட உதவி எண். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இந்த உதவி உண்டு என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கே அன்றுதான் தெரியும். சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் ஒரு வக்கீல் மேடம் கிடைத்தார். சின்னப் பெண்தான், என் தங்கை வயசு இருக்கும். நான் அழுதுகொண்டே கதை சொன்னதை ஐந்து நிமிடம் கேட்டார். பிறகு, "அக்கா, அழறதை அப்புறம் பார்த்துக்கலாம், ஜிபே ஹிஸ்டரியை எடுங்க" என்றார்.

அந்த ஹிஸ்டரிதான் காப்பாற்றியது. மார்ச் 5 அனுப்பியது, மார்ச் 5 திரும்பியது, ஏப்ரல் 4 அனுப்பியது, ஏப்ரல் 4 திரும்பியது. எல்லாவற்றையும் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு பிரின்ட் எடுத்தோம். அதோடு ஒரு கடிதம்: வாடகை தரத் தயாராக இருக்கிறோம், வாங்க மறுப்பது நீங்கள், வங்கிக் கணக்கு எண் தாருங்கள். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். அவர் வாங்கவில்லை. 'பெற மறுத்தார்' என்று எழுதித் தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்தார். நான் கவரைப் பிரிக்கப் போனேன், வக்கீல் மேடம் கையைப் பிடித்தார். பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தால்தான் மறுத்ததற்கு அது அத்தாட்சியாம். இன்னும் பீரோவில் இருக்கிறது.

ஓனர் வாடகையை வாங்க மறுத்துக்கொண்டே இருந்தால் அதை வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது. ரென்ட் அத்தாரிட்டி என்பார்கள், துணை ஆட்சியர் அந்தஸ்தில் இருப்பவர். அதற்கு ஒரு மனு போட்டோம். தண்ணீருக்கு இன்னொரு மனு. குடிநீர், கரண்டு, படிக்கட்டு விளக்கு, வண்டி நிறுத்தும் இடம் எல்லாமே 20ஆம் பிரிவில் அத்தியாவசிய சேவைக்குள் வருகின்றன. என்ன தகராறு இருந்தாலும் ஓனர் அவற்றை நிறுத்தக் கூடாது. அதிகாரி இடைக்கால உத்தரவு போடலாம், நஷ்ட ஈடும் கட்டச் சொல்லலாம். பொய்ப் புகார் என்று தெரிந்தால் நமக்கும் அபராதம் உண்டு. அதனால் மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணிக்கு நிறுத்தினார் என்று பெரியவளின் பழைய ரஃப் நோட்டில் இருபது நாள் எழுதி வைத்தேன். கட்டில், ஃபியூஸ் போன பல்பு எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்தேன்.

சாமானை வெளியே வைப்பேன் என்ற மிரட்டலுக்கு உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். முதலில், "இது சிவில் மேட்டர்மா, பேசித் தீர்த்துக்கோங்க" என்றுதான் அனுப்பப் பார்த்தார்கள். வீடு காலி செய்வது சிவில், பூட்டை உடைப்பது அப்படியில்லை என்று மேடம் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். ரசீது கிடைத்தது. அதன் நகலைப் பார்த்த பிறகு அந்த போன் நாடகம் நின்றது.

சினிமா மாதிரி ஜெயித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். தேர்தல் நேரம். வருவாய்த் துறை மொத்தமும் அந்த வேலையில். மனு மே கடைசியில்தான் நகர்ந்தது, அப்போதுதான் ஓனருக்கு நோட்டீஸ் போனது. அதைவிடப் பெரிய ஓட்டை எங்கள் பக்கமே இருந்தது. எங்களுடைய பதினொரு மாத ஒப்பந்தம் 2023 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்கக் கேட்டபோது, "நமக்குள்ள எதுக்கும்மா பத்திரம்" என்றார். நானும் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதினொரு மாதமோ பத்து வருடமோ வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அதற்கு ஆன்லைன் தளமே இருக்கிறது. எங்களிடம் இருந்தது 20 ரூபாய் பத்திரம், அதுவும் காலாவதி. ஒப்பந்தம் போடாமல் இருப்பதும் 21ஆம் பிரிவில் காலி செய்யக் கேட்க ஒரு காரணம். வக்கீல் மேடம் மறைக்காமல் சொன்னார்: "கேஸ் நடத்தினா டைம் கிடைக்கும்கா, வீடு கிடைக்காது. உங்களுக்கு என்ன வேணும்?"

எனக்கு வேண்டியது வேறு வீடு பார்க்கக் கொஞ்சம் நேரமும், அட்வான்ஸ் பணமும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த மறுநாள் ஓனர் மேலே வந்தார், இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு. "என்னம்மா, இதெல்லாம் நமக்குள்ள பேசியிருக்கலாமே." ஜூன் 30 காலி செய்வது, அதுவரை தண்ணீருக்குத் தடையில்லை, நான்கு மாத வாடகை 56,000 அவர் வங்கிக் கணக்குக்கு, சாவி கொடுக்கும் அன்று அட்வான்ஸ் முழுதும் எங்கள் கணக்குக்கு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வக்கீல் மேடமும் ஓனருடைய மைத்துனரும் சாட்சி.

ஜூன் 30. லாரியில் சாமான் ஏறிவிட்டது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஓனர் ஒரு காகிதத்தை நீட்டுகிறார். பெயின்டிங் 14,000. குழாய், தாழ்ப்பாள் 5,500. மோட்டார் ரிப்பேர் 4,000. மொத்தம் 23,500 கழித்து 76,500தான் கணக்கில் வந்தது. எந்த மோட்டார்? ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மட்டும் ஓடிய அதே மோட்டார்! லாரி வாடகை மணிக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்ததால் அங்கே நின்று வாதாட முடியவில்லை. இதில் என் முட்டாள்தனமும் உண்டு. பணம் முழுதாக வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்திருக்க வேண்டும், நான் லாரி வந்ததுமே கொடுத்துவிட்டேன். காலி செய்யும் முன் வீடு முழுவதையும் வீடியோ எடுத்தது ஒன்றுதான் அன்று நான் புத்தியோடு செய்த வேலை. குழாய் எல்லாம் அதில் சொட்டாமல் இருக்கிறது.

இப்போது கீழ்க்கட்டளையில் இருக்கிறோம். புது ஓனரிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம் என்று கேட்டதற்கு முகம் கொஞ்சம் மாறியது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் தர முடியாது என்றதும் இன்னும் மாறியது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதம்தான் உச்சம் என்று சட்டத்தில் இருப்பதைக் காட்டினேன். கடைசியில் ஐந்து மாதத்துக்கு இறங்கி வந்தார், பதிவுக்குச் சம்மதித்தார். வாடகை மாதா மாதம் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. முதல் நாளே அவர் முன்னாலேயே சம்பு மூடியைத் திறந்து பார்த்தேன்.

வீடு காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் தந்தாக வேண்டும். கழிப்பதாக இருந்தால் நாங்கள் தர வேண்டிய பாக்கியை மட்டும்தான் கழிக்கலாம். ஒரு மாதம் தாண்டிவிட்டது. பெயின்டிங் பில், மோட்டார் பில் கேட்டு நேற்றுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதிவுத் தபாலில்தான், ஒப்புகை அட்டையோடு.